தொடர்புகள்: சரி

மூவாயிரம் ஷில்லிங் வேண்டியிருந்தது,
கிகோம்பா சந்தையில் ஒரு மூட்டைப் பழந்துணியில்
கால் பங்கு எடுக்க.
நைரோபி முழுக்க மழை.
மடாட்டு வேனில் ஒரு கை கம்பியில்,
மறு கைக் கட்டைவிரலால்
கடன் தரும் செயலிக்கு
சரி சொல்லிக்கொண்டே வந்தேன்.
இருப்பிடம், சரி. குறுஞ்செய்தி, சரி. படங்கள், சரி.
தொடர்புகள்?
வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.
சரி.

தவணை தவறிய மறுநாள் காலை
முதல் அழைப்பு பாதிரியாருக்குப் போனது.
"நெகேசாவைத் தெரியுமா? கடனை ஏப்பம் விட்டவள்."
பிறகு மகனின் கணக்கு வாத்தியாருக்கு,
தண்ணீர் வண்டி முட்டிசோவுக்கு,
'எடுக்காதே' என்று நான் பதிந்திருந்த
முன்னாள் கணவனுக்கு.
அவன் எடுத்திருக்கிறான். சிரித்தானாம்.
மாலையில் சித்தி வாசலில் நின்றாள்:
"உன் போனில் என் பெயர் 'புலம்பல்' என்றா இருக்கிறது?"
வசூல்காரி அவளை அப்படித்தான் கூப்பிட்டாளாம்,
மரியாதையாக, திருமதி புலம்பல் என்று.

கடன் என்னுடையது. வட்டியும்.
ஆனால் இருநூற்றுப் பதினாறு பேரும்
என் சொத்தா,
ஈடாக எடுத்து நீட்ட?
ஒருவரையாவது கேட்டேனா?
வண்டி குலுங்கியது என்பதா பதில்?

இரவு மின்சாரம் போயிருந்தது.
மேசைமேல் திரை மட்டும் வெளிச்சமானது:
'நெலிமா தங்கச்சி' அழைக்கிறாள்.

அவள் போய் நான்கு வருடம்.
எண்ணை அழிக்க மனம் வரவில்லை.
அழைத்துப் பார்க்கத் துணிவும் இல்லை.

ஓர் ஆணின் குரல்.
எல்டோரெட்டில் பைக் டாக்சி ஓட்டுகிறவன், கிப்ளிமோ.
இந்த எண் கிடைத்து எட்டு மாதம்தானாம்.
"அம்மா, நான் உங்களுக்கு ஜாமீன் என்கிறார்கள்.
உங்களை நான் பார்த்ததேயில்லையே."

மன்னிப்புக் கேட்டேன்.
பிறகு, வாய் தானாக,
"ஹெல்மெட் போடுகிறீர்களா?"
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"வார் அறுந்திருக்கிறது," என்றான். "தைக்க வேண்டும்."
"தைத்துவிடுங்கள்."

வெள்ளிக்கிழமை கடனை அடைத்தேன்.
செயலியை நீக்கப் போனபோது
'நிச்சயமாகவா?' என்று கேட்டது.
அதுவரை ஒரு முறையும்
அப்படி நிறுத்திக் கேட்டதில்லை அது.

அந்த எண் இன்னும் நெலிமாவின் பெயரில்தான்.
மாற்றி எழுத வேண்டும், கிப்ளிமோ என்று.
முதலில் அவனைக் கேட்க வேண்டும்.