இருப்புக் கணக்கு

தேவகோட்டையில் எங்கள் மருந்துக் கடைக்கு வருகிறவர்கள்
பெயர் சொல்லிக் கேட்பதில்லை.
"அது" என்பார்கள். இவருக்குத் தெரியும்.
பழைய பேப்பரில் சுற்றி
வேறெங்கோ பார்த்துக்கொண்டு நீட்டுவார்.
புதுசாகக் கல்யாணமான பெண்கள் என்றால் மட்டும்
ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், மறக்காம, என்று
பாடம்போல ஒரு வரி.

வீட்டில் ஒன்பது வருஷமாக
என்னிடம் கேட்டது ஒரே கேள்வி:
"ஸ்டாக் இருக்கா?"
"ஒரு அட்டை இருக்கு" என்பேன்.
இதைவிடத் துணிச்சலாக
நாங்கள் பேசியதில்லை.

ரெண்டும் பெண்.
கோவில் ஏட்டில் நாங்கள் ஒரு புள்ளி.
வரி கட்டிவிட்டு வரும்போதெல்லாம்
"அடுத்த புள்ளிக்கு ஆள் வேணுமில்ல?" என்று
ஆத்தா முறுக்கு உரலிடம் கேட்பார்கள்.
இவருக்கும் அதுதான் ஆசை என்று நான் இருந்தேன்.
எனக்கும் அதுதான் என்று இவர் இருந்திருக்கிறார்.

மார்ச் முப்பத்தொண்ணு, ராத்திரி.
ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது.
நான் எண்ண, இவர் எழுத.
"இருமல் மருந்து பதினேழு."
"ம்."
"கண் சொட்டு ஆறு. அதுல ஒண்ணு காலாவதி."
"ம்."
அந்த மாத்திரைத் தட்டு வந்தது.
முப்பத்தெட்டு என்று சொல்ல வேண்டிய வாய்
"எனக்கு இது ஒத்துக்கல" என்றது.
"தலை சுத்துது. கால் வீங்குது. ரெண்டு வருஷமா."
"ஏன் சொல்லல?"
"நீங்க ஸ்டாக்கத்தானே கேட்டீங்க."

பேனாவை மூடினார். திறந்தார்.
"இந்த ரெண்டே போதும் உமையா, எனக்கு."
"உங்களுக்கா?"
"ஏன், உனக்கு வேணுமா?"
காரைக்குடி பஸ் ஒன்று போய் முடியும்வரை
ஷட்டருக்கு அடியில் தெரிந்த
யாருடையதோ ஒரு ஜோடிச் செருப்பையே
ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
வேணாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப நான் பண்ணிக்கிறேன்."
"என்னத்த?"
"அதான். ஆம்பளைக்கு. தையல்கூடக் கிடையாதாம்."
ஊருக்கே வாயால் மருந்து கொடுக்கிறவர்,
தன் உடம்புக்கான சொல்லை
எட்டாத தட்டில் வைத்திருந்தார்.

"ஆத்தாகிட்ட?"
"குடலிறக்கம்னு சொல்லிக்கலாம்."
"அதுக்கு ஒரு வாரம் படுக்கணுமே."
"படுத்துக்கிறேன்."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாத்திரை அட்டைகள் சரிந்தன,
மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

செருப்பு கனைத்தது.
"அண்ணே, கடை உண்டா?"
"என்ன வேணும்?"
"அது..."
ஓர் அட்டையை எடுத்துக் குனிந்தேன்.
பேப்பர் சுற்றவில்லை.
"வீட்ல அவங்களுக்கு ஒத்துக்குதாப்பா?
கேட்டியா?"

செருப்பு
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.