வவுச்சர் எண் 212

தணிக்கைக்காரர் பென்சிலால் ஒரு கேள்வி போட்டிருக்கிறார்.
பதில் எழுத மூன்று நாள் அவகாசம்.

ஆகஸ்ட் பதினைந்து, காலை எட்டே முக்கால்,
அரச்சலூர் பேரூராட்சி அலுவலக வாசல்.
ஒலிபெருக்கியில் கொடிப்பாட்டு ஓடியது.
பள்ளிப் பிள்ளைகள் நூற்றிப் பத்துப் பேர் கூடவே வாயசைத்தார்கள்.
இரண்டாவது அடியில் கரண்டு போனது.
பாட்டு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் வாய்கள் அசைந்தன.
அப்போதுதான் தெரிந்தது,
எங்களில் ஒருவருக்கும் பாட்டு தெரியாது.

செயல் அலுவலர் சௌடேஸ்வரி அம்மா என்னைப் பார்த்தார்.
நான் மதிலைப் பார்த்தேன்.
ஓபுளன் செட்டு எப்போதும் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் அடிக்கும்.
ஏன் என்று எந்தக் கோப்பிலும் இல்லை.
அன்றைக்குச் சத்தம் எட்டாதென்று உள்ளே கூப்பிட்டோம்.
அதற்கு ஒரு டிரான்ஸ்பார்மர் வெடிக்க வேண்டியிருந்தது.

ரெண்டு தப்பட்டை, ஒரு உருமி, ஒரு திடும்.
ராத்திரித் தூறலில் தோல் தொய்ந்து கிடந்தது.
காய்ச்ச ஓலை இல்லை.
பழைய வீட்டுவரி நோட்டீசுக் கட்டு ஒன்றை
நான்தான் எடுத்துக் கொடுத்தேன்
(இதைப் பதிலில் எழுதப் போவதில்லை).
பாக்கிதாரர் பேரெல்லாம் எரிய எரிய
தோல் விறைத்தது.

"தேசபக்தியா எதையாச்சும் அடிங்க" என்றார் அம்மா.

"கல்யாணத்துக்கு ஒரு அடி இருக்குதுங்க அம்மிணி.
எழவுக்கு ஒண்ணு.
சாமி வர ஒண்ணு, மலையேற ஒண்ணு.
நாட்டுக்கு எந்த அடிங்க?"

சுற்றறிக்கையை மறுபடி புரட்டினேன்.
மிட்டாய் எத்தனை கிராம் என்று இருந்தது.

ஓபுளன் அண்ணாந்து பார்த்தார்.
முந்தாநாள் பூசிய சில்வர் பெயிண்ட்,
உச்சியில் காத்தில்லாமல் தொங்கும் கொடி.
எதுவானாலும் கம்பம் கம்பம்தானே.
பங்குனியில் பதினஞ்சு ராத்திரி
முக்கவர்க் கம்பத்தைச் சுத்தி ஆட
மாரியம்மன் வாசலில் அடிக்கிற அடியை
பட்டப்பகலில் எடுத்தார்.

ஒரு பையன் காலை மாற்றினான்.
நேர்வரிசை வளைந்தது, பிறகு மூடிக்கொண்டது.
தறிக்குடோன் பீகாரிப் பிள்ளை
தன் ஊர்ச் சுழற்சி ஒன்றை நடுவில் நுழைத்தது.
திடும் அரை நொடி தள்ளி விழுந்து
அதற்கு இடம் கொடுத்தது.
துப்புரவுப் பணியாளர் குருவம்மா
வாசல் தெளிக்க வைத்திருந்த குடத்தைத் தூக்கிவந்து
கொடிமேடையில் ஊற்றினார்,
அங்கே ஊற்றுகிற மாதிரியே, மூன்று தரம்.
அம்மா தடுக்கவில்லை.
அவர் எப்போது செருப்பைக் கழற்றினார் என்று நான் பார்க்கவில்லை.

எங்கள் நாகமலைக் குகையில்
ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து.
த, தை, தா, தே.
மேலிருந்து கீழே படித்தாலும் ஒன்று,
இடமிருந்து வலமாய்ப் படித்தாலும் அதே.
தாளம் என்கிறார்கள், கூத்து என்கிறார்கள்.
எழுத்தைக் கோத்தவன் ஒரு வண்ணக்கன்,
காசு நல்லதா கள்ளமா என்று பார்க்கிறவன்.
என்னைப் போலக் கணக்கு ஆள்.
எந்த நாட்டுக்கு என்று அவன் எழுதி வைக்கவில்லை.
அவனை யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

நான் எழுதியது இவ்வளவுதான்:
இனம், கம்பத்து அடி.
ஆட்கள், நான்கு.
தொகை, ரூபாய் இரண்டாயிரம்.
ரெவின்யூ ஸ்டாம்பின் மேல்
ஓபுளனின் முழுப்பெயர், சாய்ந்த எழுத்தில்.

ஓரத்தில் பென்சில்:
எந்தக் கம்பம்? விளக்கவும்.

இன்றோடு மூன்றாம் நாள்.