இரண்டாயிரத்துச் சொச்சம்

வெள்ளவத்தை ஸ்டேஷனில்
தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே நின்று
கமராவைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான் பஸ்மில்.
"எத்தனை படம் அடிச்சிருக்கு?"
இரண்டாயிரத்துச் சொச்சம் என்றேன்,
நல்ல பிள்ளைக்குப் புள்ளி சொல்வதுபோல.
மூன்று வருடத்தில்.
"அப்ப புதுசுதான்" என்று
காசை எண்ணித் தந்தான்.
அவன் கல்யாணப் படக்காரன்.
ஒரு வலீமாவில், பிரியாணி வருமுன்னே,
என் மூன்று வருடத்தையும் அடித்து முடித்துவிடுவான்.

விற்ற இரவு நன்றாகத் தூங்குவேன்.
அடுத்த இரவும்.
மூன்றாம் இரவு ஒரு மணிக்கு
போர்வைக்குள் போனின் வெளிச்சம்.

முப்பத்தைந்தில் தெரு முழுக்க வருகிறது, முகம் வருவதில்லை.
ஐம்பதில் முகம் வருகிறது, மழை வருவதில்லை.
எண்பத்தைந்துக்குப் பின்னால் போய் நிற்க
எங்கள் பிளாட்டில் சுவர் விடுவதில்லை.
எல்லாவற்றுக்கும் நியாயம் இருக்கிறது என்னிடம்,
இன்சூரன்ஸ் கம்பனியில் வேறு என்ன வேலை எனக்கு?

விற்பதற்கென்றால் மட்டும்
விடிய எழும்புவேன்.
வெள்ளைச் சீலையை அயர்ன் பண்ணி
வடக்கு யன்னலோரம் விரித்து
நாலு பக்கமும் எடுப்பேன், பொறுமையாக.
ஒரு கமராவை விற்க
இன்னொரு கமரா வேண்டும் என்பது
இந்த வியாதியின் முதல் விதி.
நான் எடுத்ததில் திறமான படங்கள்
கமராக்களின் படங்கள்.
"லென்ஸுக்கு மட்டும் முகம் கழுவி விடுறியள்"
என்றாள் சுபோதினி, பல் துலக்கியபடி.

கடற்காற்றுக்குப் பங்கசு பிடிக்கும் என்று
சப்பாத்துப் பெட்டிகளில் பொறுக்கிய சிலிக்கா பொட்டலங்களோடு
மூடி வைத்திருக்கிறேன் எல்லாவற்றையும்.
ஈரம் படாது.
வெயிலும்தான்.

நுகேகொடையில் ஒருவர் கனடா போகிறார், அவசரம்,
பெட்டி உண்டு, பில் உண்டு.
இப்போதெல்லாம் அப்படித்தான்:
போகிறவர்கள் விற்கிறார்கள்,
இருக்கிறவன் வாங்குகிறேன்.
ஒரு லட்சத்து நாற்பத்தைந்து.
வரவேற்பறையில் சூட்கேஸ்கள், எடை பார்க்கும் தராசு,
சுவரில் படம் கழற்றிய வெள்ளைச் சதுரங்கள்.
நான் லென்ஸை மட்டும் பார்த்தேன்.

138-இல் யன்னலோரம் இருந்து
உறையைக் கழற்றினேன்.
வளையத்தின் கீழே, பிறை மாதிரி, ஒரு கீறல்.

பஸ் கம்பியில் நான் இடித்த கீறல்.
ஆறு வருடத்துக்கு முன்
கொட்டாஞ்சேனையில் ஒரு பெடியனுக்கு
அறுபத்தியிரண்டாயிரத்துக்கு நான் விற்ற லென்ஸ்.

கோபம் வரவில்லை. சிரிப்பும் வரவில்லை.
எங்கேயடா போயிருந்தாய் என்றுதான் கேட்கத் தோன்றியது.
பெற்றோல் வரிசை இரவுகளில்
யாருடைய தோளில் தொங்கினாய்?
காலிமுகத்திடலில் கூடாரங்கள் நின்றபோது
எந்தக் கண்ணுக்கு முன்னால் இருந்தாய்?
அந்த மாதங்களில் நான்
மின்வெட்டுக்குள் மெழுகுதிரி ஏற்றி
இரவு வெளிச்சத்துக்கு எந்த லென்ஸ் நல்லது என்று
வாசித்துக்கொண்டிருந்தேன்.

பூட்டிப் பார்க்கப் பொடி இல்லை.
கமராக்காரர் அதைப் பொடி என்போம்.
செத்த வீட்டிலும் அதே சொல்தான்.
வெறும் லென்ஸைக் கண்ணுக்கு முன் தூக்கிப் பிடித்தேன்.
கிருலப்பனை தலைகீழாகத் தொங்கியது.
கூரையில் நடந்துவந்த கண்டக்டர்
மேலிருந்து கை நீட்டினார், மிச்சக் காசோடு.
பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று தன் பின்னலைப் பிடித்தபடி
வானத்தில் நித்திரை.
அழகாக இருந்தது.
அடிக்க ஒன்றும் இல்லை கையில்.

இறங்கியதும் பஸ்மிலுக்கு எடுத்தேன்.
அந்தக் கமராவைத் திருப்பித் தருவியா, பத்தாயிரம் கூட.
அவனுக்குப் பின்னால் யாரோ மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள்.
"ஒரு கிழமையில நாலாயிரம் கூடிட்டு, நானா.
இப்ப அது பழசு.
விலை குறைச்சே தாறன்."

கூட்டத்தில் நின்று
மனதுக்குள் கழித்துப் பார்த்தேன்.
எனக்குச் சரிவரவில்லை கணக்கு.