நிறுவனம் பற்றி

செய்திக் குறிப்பின் அடியில் ஒட்ட
ஒரு பத்தி. முந்நூறு ரூபாய்.
திருச்செங்கோடு, சங்ககிரி ரோடு;
வெளியே பஸ்ஸை மறித்துக்கொண்டு
ரிக் லாரி திரும்புகிறது.

'1991இல் ஒற்றை வண்டியோடு
நிறுவனர்கள் தொடங்கினார்கள்.'
அப்புறம் பதினொரு மாநிலம், நாற்பத்திரண்டு வண்டி,
ஆயிரத்து நானூறு அடி.
வெறும் புகை மட்டும் வந்த குழிகளுக்கு
பத்தியில் இடமில்லை.

திரையில் விரலை வைத்தார் செங்கோட்டுவேல்.
"இந்தக் 'கள்' வேண்டாமுங்க."
எடுத்தேன்.
'தொடங்கினார்கள்' என்பதிலும்
அதே இரண்டு எழுத்து.
வாக்கியம் ஒன்றும் சரியவில்லை.

கணக்குப் பார்க்கும் சுலோசனா
கதவிடுக்கில் தலை நீட்டினாள்:
"மொளசி ஊட்டுக்கு இந்த மாசப் பங்குங்க?"
"எப்பவும் போல அனுப்புங்க."

என் பக்கம் திரும்பி,
"அத எழுதீறாதீங்க."