உடன் செல்வோர்: ஒருவர்

நசரத்பேட்டை தாண்டி, லாரிகள் ஒதுங்கும் வளைவில்
இரவு ஒன்று நாற்பதுக்குக் கைகாட்டி நிறுத்தினேன்.
கிண்டியிலிருந்து ஊட்டிக்கு.
ஏப்ரல் பிறந்தால் பந்தயம் மலையேறும்,
பின்னாலேயே இந்த வண்டிகளும்.

ஓட்டுநர் மாசிலாமணி இறங்குமுன்பே
பிளாஸ்டிக் உறையை நீட்டினார்.
தகுதிச் சான்று, பர்மிட், காப்பீடு,
மருத்துவர் பச்சை மையில் கையெழுத்திட்ட
நோயில்லை என்னும் தாள்,
கம்பெனியின் உரிமம், அதன்மேல் வட்ட முத்திரை
அரைநிலவாய்ப் பதிந்து.

பிரேக் இன்ஸ்பெக்டராகிப் பத்தொன்பது வருடம்.
எல்லாத் தாளும் சரியாயிருக்கும் வண்டியில்தான்
குனிந்து பார்க்கவேண்டும்.

தடுப்பின் உயரம் அளந்தேன். சரி.
மெத்தை உண்டா? உண்டு,
ஓரிடத்தில் கடித்துப் பஞ்சு தொங்கியது.
காற்றுக்கு ஜன்னல் நான்கு.
குடிக்க இரண்டு நீல டிரம்.
ஏற்றிய சரக்கு என்ற கட்டத்தில்
குதிரை இரண்டு என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால்
சரக்கு என்னைப் பார்க்கிறது.

டார்ச் பிடிக்கவில்லை அதற்கு.
காதுகள் பின்னால் மடிந்தன.
"மூஞ்சில அடிக்காதீங்க மேடம், தரையில அடிங்க."
இரண்டு தலைகளுக்கும் நடுவே
ஒன்றரை அடி இருட்டில் ஒரு மனிதர்.
தஸ்தகீர்.

தரையில் அடித்தேன்.
ரப்பர் விரிப்பின்மேல் ஷூ முனையால்
தட்டிக்கொண்டே போனேன்.
டொக். டொக். டொக்.
பிறகு, அழுகிய பூசணியைத் தட்டினாற்போல் ஒன்று,
அவர் காலடிக்குப் பக்கத்தில்.

"காலை எடுங்க."
எடுக்கவில்லை.
"நான் எடுத்தா அது வைக்கும்."

அது என்பது அரை டன்.
பலகை உளுத்திருந்தது. அதற்குக் கீழே
எண்பது கிலோமீட்டர் வேகத்தில் தார்ச்சாலை.
ஏற்றும்போதே சொன்னாராம்.
'போயிட்டு வந்து மாத்திக்கலாம்' என்றாராம் கம்பெனிக்காரர்.
அதனால் கத்திப்பாராவிலிருந்து
தன் வலதுகாலை அங்கே நட்டு வைத்திருக்கிறார்.
கொண்டை ஊசி வளைவுகள் முடியும்வரை
அப்படியே நிற்பதாக உத்தேசம்.

வண்டியைப் பிடித்துவைக்கலாம், விதி உண்டு.
பிடித்துவைத்த குதிரையை எங்கே இறக்குவது?
இங்கே சாய்தளம் கிடையாது.
விடிந்தால் தகரக் கூரை கொதிக்கும்.

பூந்தமல்லி மரவாடி இருசப்பனை
மூன்றாவது அழைப்பில் எழுப்பினேன்.
லுங்கியோடு வந்தார், தோளில் வேங்கைப் பலகை.
சுத்தியலை ஓங்கியபோது
முதல்முறையாக தஸ்தகீர் கத்தினார்:
"ஆணி வேணாம்! மிரளும்!"
ஒவ்வொரு திருகாணியாக, கையாலேயே முறுக்கினோம்.
நாலே காலுக்கு அவர் காலை எடுத்தார்.
எடுத்த கால் மடங்கவில்லை.

அபராதம் போட்டேன். உரிமத்தை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தேன்.
மாசிலாமணி முறைத்தபடி கையொப்பமிட்டார்.

மிச்சம் ஒரு கட்டம்தான்.
உடன் செல்வோர்: ஒருவர்.
மெத்தையின் கனத்தை விரற்கடையில் சொன்ன விதி
அவருக்கு ஒரு முக்காலி சொல்லவில்லை,
பிடித்துக்கொள்ள ஒரு கம்பி சொல்லவில்லை.
ஓரத்தில், இடமில்லாத இடத்தில்,
'நிற்கிறார்' என்று எழுதினேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் கூப்பிட்டுக் கேட்டார்கள்,
என்னம்மா இது, நிற்கிறார்?

கட்டத்துக்கு வெளியே எழுதினால்
கம்ப்யூட்டர் ஏற்காதாம்.