பதினேழு

திருப்புளியின் பிளாஸ்டிக் பிடியால்
தட்டிக்கொண்டே வருகிறேன்.
டக்.
டக்.
டக்.
பழைய லாரி டயர் இரண்டின்மேல்
ஏறி உட்கார்ந்திருக்கிறது பதினேழாம் எண் படகு.
மஞ்சள் பெயின்ட் புதுசு, போன வாரத்து வாசம்.
பத்தடி தள்ளிக் கொடைக்கானல் ஏரி,
மூடுபனியில் அதன் சத்தம் மட்டும்.

ஈரமானியைப் படகில் வைத்தேன், சிவப்பு.
கொட்டகைச் சுவரில் வைத்தேன், சிவப்பு.
கழுத்தில் சுற்றிய மஃப்ளரில் வைத்தேன்,
அதற்கும் சிவப்பு.
பொய் சொல்லவில்லை பாவம்,
இந்த ஊரில் அந்த உண்மைக்கு வேலையில்லை.
பைக்குள் போட்டுவிட்டேன்.

டக். டக்.

எங்கள் தூத்துக்குடியில்
மரத்துக்கு உப்பு கொஞ்சம் காவல்.
இங்கே வானத்துத் தண்ணீர்,
குடித்தால் இனிக்கும் தண்ணீர்.
துடுப்புக் கொண்டியின் ஒற்றைத் திருகாணி வழியே
வருஷத்துக்கு ஒரு டம்ளர் இறங்கினால் போதும்.

பின்பலகையில், வலது மூலைக்கு ஒரு சாண் இப்பால்
தொப்.

இன்னொரு முறை.
தொப்.

துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த
பூம்பாறைக் குழந்தைவேலு
துடைப்பதை நிறுத்தினார்.
சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டே போனேன்.
டக்குக்கும் தொப்புக்கும் நடுவிலான எல்லை
இருக்கைக்கு அடியில் புகுந்து
முன்மூக்கில் போய்த்தான் நின்றது.

சின்னதாக ஒரு துளை போட்டேன்.
மரத்தூள் வரவில்லை.
ஊறிய காப்பித்தூள் மாதிரி ஏதோ வந்தது.
பிறகு தண்ணீர், பழுப்பாய், அவசரமில்லாமல்,
எத்தனை மழைக்காலத்தினுடையதோ.

ஸ்பீக்கரில் குத்தகைக்காரர் தியோடர்:
"பளபளன்னு இருக்குமே மேடம்!
கிறிஸ்துமஸ் கூட்டம் வருது,
சாயங்காலத்துக்குள்ள ஒரு கையெழுத்து..."
மூடுபனி வந்து சிக்னலை வாங்கிக்கொண்டது.

"ரெண்டு வருஷமாத் தெரியும்,"
துளையைப் பார்த்தபடி சொன்னார் குழந்தைவேலு.
"ரெண்டு பேர் ஏறினா நாலு பேர் கனம் காட்டும்.
குடும்பமா வந்தா, கொண்டி உடைஞ்சிருக்குன்னு சொல்லி
இருபத்திரண்டுல ஏத்திவிட்டுருவேன்.
ஒல்லி ஜோடிங்களுக்கு மட்டுந்தான் இது.
கரையோரமாவே ஓட்டுவேன்.
அவங்களுக்கும் அவசரம் கிடையாது."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை
என்று கேட்க வாயெடுத்தேன்.
அவர் சட்டைப்பையில், சிவப்பு நூலில்,
தியோடரின் கம்பெனிப் பெயர்.
கேட்கவில்லை.

தகுதியில்லை, என்று எழுதினேன்.
மை பரவியது.
காகிதமும் நனைந்துதான் இருந்தது.

"மேல்தோலு எப்படி?"
ஃபைபருக்கு ஒன்றுமில்லை என்றேன்,
உங்களையும் என்னையும் தாண்டி இருக்கும்.
"அப்ப உள்ள இருக்குறத வழிச்சுப் போட்டுட்டு
தோட்டத்துல கவுத்துட்டா
கீழ பூண்டைப் போட்டு வைக்கலாம்.
இந்த மழையில மூணு மூட்டை போச்சு.
எடைக்குப் போட்டா என்ன கேப்பாரு முதலாளி?"

"காய்ந்த எடையா, நனைந்த எடையா?"

சிரித்தார், முதல் தடவையாக.
பிறகு இருவரும் திரும்பிப் பார்த்தோம்,
அடுத்த டயர்களின்மேல் பதினெட்டை.
அதுவும் மஞ்சள்.