டவாலிக்குச் சளி

மார்கழி ஒன்பதாம் தேதி
என் தொண்டை ஆஜராகவில்லை.

பதினெட்டு வருஷமாக
மதுரைக் குடும்ப நீதிமன்ற வாசலில் நின்று
ஒவ்வொரு பெயரையும் மூன்று தடவை
வேப்பமரம் தாண்டி, ஜெராக்ஸ் கடை தாண்டி
பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோய் விட்ட தொண்டை.
வைகைப் பாலத்துப் பனியில்
தலையில் துண்டு கட்டாமல் சைக்கிள் மிதித்த குற்றம்.
வாயைத் திறந்தால்
பஞ்சர் ஆன டியூப்.

வராந்தா வழக்கை மறந்தது.
ஆளாளுக்கு வைத்தியம்.

கேன்டீன் துளசிராம்
ஜிகர்தண்டா குடிக்கச் சொன்னார், ஐஸ் தூக்கலாக.
"முள்ளை முள்ளால எடுக்கறதில்லையாண்ணே?"
நான் எடுத்திருக்கிறேன் அப்படி.
இரண்டு முள்ளும் உள்ளேயே நின்றுவிட்டன.

ஜெபமணி வக்கீல் சால்னா என்றார்.
சும்மா சால்னா இல்லை,
ராத்திரி பதினொன்றரைக்குக் கடை கழுவும் முன்
சட்டியடியில் தங்குவதை
டம்ளரில் வாங்கி ஒரே மூச்சில்.
"அதுக்கு மேல அப்பீலே கிடையாதுப்பா."

ஏட்டு சிக்கந்தர், வெங்காயத்தை வட்டமாக நறுக்கி
உள்ளங்காலில் வைத்து
சாக்ஸ் மாட்டித் தூங்கு என்றார்.
தினமும் தான் செய்வதாகவும் சொன்னார்.
நல்லவேளை, மூக்கடைத்திருந்தது எனக்கு.

அவர் பக்கத்துக் கோர்ட்டுக்கு அழைத்துப்போன
மேலூர்ப் பையன் விலங்குக் கையைத் தூக்கி,
"மிளகை ஊசியில குத்தி
வெளக்குல காட்டிப் பொகையை இழுங்க சார்" என்றான்.
குத்துவதைப் பற்றி அவன் பேசியதும்
ஏட்டு அவனை நகர்த்திக்கொண்டு போனார்.

அப்போதுதான் தவசிலிங்கம் வாய் திறந்தார்.
ஏழு வருஷ விவாகரத்து வழக்கு.
செக்கானூரணியிலிருந்து இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள்,
முன்வாசல் ஒருவர், பின்வாசல் ஒருவர்.
இங்கேயும் அப்படித்தான்
நடுவில் பதினொரு தூண் விட்டு.

"வெரலி மஞ்சளை நெய்யில நனைச்சு
வெளக்குல சுட்டு மோந்து பாருங்க.
எங்க வீட்ல அப்படித்தான்..."
என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

பதினோராவது தூணிலிருந்து வந்தது:
"நெய்யில இல்ல. வெளக்கெண்ணெயில."

"நெய்யிலதான்."

"நெய் எங்க இருந்துச்சு அந்த வீட்ல?"

வராந்தா அமைதியானது.
நீதிபதி அறைக்குள் காற்றாடி சுற்றுவது கேட்டது.

"எடது மூக்குல மொதல்ல இழுக்கணும்" என்றார் அவர்,
என்னைப் பார்த்து மட்டும்.
"வலது" என்றாள் பஞ்சவர்ணம்,
அவளும் என்னைத்தான் பார்த்தாள்.
கரண்ட் போன ஒரு ராத்திரியில்
வேட்டியைக் கிழித்துத் திரி போட்டதாக அவர் சொல்ல,
கிழித்தது தன் சேலை என்று அவள் சொல்ல,
இருதரப்பு வாதத்தையும்
நான் தும்மிக்கொண்டே கேட்டேன்.

அன்றைக்கு அவர்களை நான் கூப்பிடவே இல்லை.
கையை மட்டும் ஆட்டினேன், வந்தார்கள்.
பதினேழாம் தேதிக்கு வாய்தா.

வீட்டில் இரண்டையும் செய்து பார்த்தேன்.
திங்கள் நெய், செவ்வாய் விளக்கெண்ணெய்,
இடது, வலது, வலது, இடது.
கண்ணில் கொட்டியது தண்ணீர், மூக்கில் அசைவில்லை.
என் மகள் எழுந்து வந்து
கேஸ் கசிகிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.
சளி தானாக வந்தது போல
ஒரு வியாழக்கிழமை தானாகப் போனது.

பதினேழாம் தேதி
பழைய வெண்கலம் திரும்பியிருந்தது.
தவசிலிங்கம், தவசிலிங்கம், தவசிலிங்கம்.
ஜெராக்ஸ் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.
பஸ் ஸ்டாப்பில் ஒரு நாய் எழுந்து நின்றது.
அவர் வரவில்லை.

வக்கீல் மெமோ நீட்டினார்:
மனுதாரருக்குக் கடுமையான ஜலதோஷம்,
ஆகவே கனம் நீதிமன்றம் தயவுகூர்ந்து...

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.
என்னிடமிருந்துதான் தொற்றியிருக்கும்.

அடுத்த தேதியைக் கையில் எழுதிக்கொண்டு
படி இறங்கிய பஞ்சவர்ணம்
ஏதோ மறந்தவள் போல் திரும்பி வந்தாள்.
சுற்றிலும் பார்த்துவிட்டு
என்னிடம் கேட்டாள்:

"மூக்கடைப்பாமா,
இல்ல, நெஞ்சுச் சளியா?"